ஆற்றில் இட்ட பொன்

விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். மணிமுத்தாற்றில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, அதன் கரையில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பழமலைநாதர் கோயிலுக்குள் நுழைகிறவர்கள் ஒரு வகையினர். பழமலைநாதரை மனத்தாலேயே தரிசித்துக்கொண்டு, பீங்கான் பேட்டைக்கு ஆட்டோ பேசுகிறவர்கள் மற்றொரு வகையினர். கொலுப் பொம்மை, அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி, மின்சார பியூஸ் கட்டை ஆகிய இவற்றில் ஏதோ ஒன்றுக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர்கள் அவர்கள்.

இவ்விரு வகையினர் கண்ணிலும் படாத மூன்றாவது வகையினர் சிலர் இவ்வூரில் உண்டு. அவர்கள் ரயிலேறி வருவதில்லை. அவர்களுக்கு வயது மூன்று, நான்கு. பீங்கான் கொட்டகைகளின் வாசலிலே, அடுக்கி வைத்த அச்சுகளுக்கும் உடைந்த சில்லுகளுக்கும் நடுவே, தாய்மார்கள் வேலை முடிந்து வரும் வரையில் அவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொல்லப்போனால், அவர்கள் அருகில் உட்காருவதற்கு எவ்வளவு படித்திருக்கவேண்டும் என்பதைப் பற்றியது.

மண்ணும் மழலையும்

பொம்மை செய்யும் கொட்டகையை நேயர்களில் பலர் பார்த்திருக்கமாட்டார்கள். மண்ணைத் தண்ணீரோடு சேர்த்து அரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சிலே ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, அதன் உட்சுவரை ஒட்டி மண் ஓர் ஏடாகப் படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டுச் சிறிது நேரம் பொறுத்து அச்சைப் பிரித்தால் உள்ளே பிள்ளையாரோ, செட்டியாரோ, குதிரையோ நிற்கும். விளிம்பில் துருத்தும் பிசிறைப் பெண்கள் கத்தியால் சுரண்டி ஈரத் துணியால் துடைக்கிறார்கள். பிறகு நிழலில் உலர்த்திச் சூளையில் வைக்கிறார்கள். அவசரப்பட்டு வெயிலில் உலர்த்தினால் விரிசல் விட்டுவிடும்.

இதைத் தினந்தோறும் பார்க்கும் ஊராதலால், இங்கே குழந்தை வளர்ப்பைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும், “குழந்தை பச்சை மண் அல்லவா? பிடித்தபடி வரும்” என்று முடிப்பார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களிலும் இதே வாக்கியம் ஒலிபெருக்கியில் முழங்கும். நாமும் அதை மேடையிலேறிச் சொல்லியிருக்கிறோம். அது பிழை என்று நமக்குத் தெரிய இருபது வருஷங்கள் ஆயின.

பிழையை ஒப்புக்கொள்வதற்கு வெட்கப்படுவானேன்? பட்டமும் உபாத்தியாயப் பயிற்சியும் பெற்று நாம் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அது. நமக்கு விதிக்கப்பட்ட வேலை பெரிய வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது. ஆனால் சின்ன வகுப்பு ஆசிரியை பிரசவத்துக்குப் போய்விட்டபடியால், சில மாதங்கள் ஒன்றாம் வகுப்பையும் நம் தலையில் கட்டினார்கள். “பி.எட். படித்தவர், இதென்ன பிரமாதம்!” என்றார்கள். நாமும் அப்படியேதான் நினைத்தோம்.

அந்த வகுப்பில் சூளைத் தொழிலாளி ஒருவரின் மகன் இருந்தான். ஐந்து வயது. பென்சில் அவன் விரல்களில் நிற்காது. ‘அ’ எழுதச் சொன்னால் கோடு கோட்டையைத் தாண்டிப் போய்விடும். நாம் அவன் கையைப் பிடித்து அழுத்தினோம், அதட்டினோம், ஒரு நாள் அடிக்கோலால் விரல் மொட்டுகளிலே ஒரு தட்டும் தட்டினோம். அவன் அழவில்லை. மறுநாள் முதல் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவனைத் தேடிக்கொண்டு போனபோது, கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தான். கழித்துப் போட்ட பீங்கான் கட்டைகளைப் பொறுக்கி, பெரியதிலிருந்து சிறியது வரையில் வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தான். ஒன்று வரிசை தவறி நின்றது. எடுத்தான், அருகிலிருந்ததோடு ஒட்டிப் பார்த்தான், சரியான இடத்தில் வைத்தான். நாம் நின்றதை அவன் கவனிக்கவே இல்லை. “பார்த்தீர்களா, எப்பொழுதும் விளையாட்டுத்தான்” என்றார் அவன் தகப்பனார். நாமும், “ஆமாம், விளையாட்டுத்தான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். அந்தப் பையன் பிறகு நம்மிடம் படிக்கவில்லை.

“மூக்குத் துடைக்கவா?”

அந்தக் காட்சி மறுபடியும் நம் மனக்கண் முன் வந்து நின்றதற்குக் காரணம் நம் தமக்கை மகள். அவள் கணிதத்தில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றவள். கலாசாலையில் வேலை தேடுவாள் என்று குடும்பத்தார் எல்லாரும் எதிர்பார்த்திருந்த சமயத்தில், மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்கும் மாண்டிஸோரிப் பயிற்சியில் ஒரு வருஷம் சேரப் போவதாகச் சொன்னாள். வீட்டிலே இடி விழுந்தது போலாயிற்று.

“ஏண்டி, ஐந்து வருஷம் பெரிய கணக்கெல்லாம் படித்தது, கடைசியில் குழந்தைகளுக்கு மூக்குத் துடைக்கத்தானா?” என்றார் நம் தாயார்.

“மூக்குத் துடைப்பதற்கும் பாடம் உண்டு, பாட்டி” என்றாள் அவள். “குழந்தையே தன் மூக்கைத் தானே துடைத்துக்கொள்ளும்படி.”

அவள் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. மாண்டிஸோரி அம்மையார் ஒரு நாள் தம் பள்ளிக் குழந்தைகளுக்குக் கைக்குட்டையால் சத்தமில்லாமல் மூக்கைச் சிந்துவது எப்படி என்று செய்து காட்டினாராம். முடிந்ததும் குழந்தைகள் கைதட்டி ஆரவாரம் செய்தனவாம். மூக்கு ஒழுகுவதற்காக எப்பொழுதும் வசவு வாங்கிய குழந்தைகளுக்கு, வையாமல் வழி சொல்லிக்கொடுத்தவர் அதுவரையில் ஒருவரும் இல்லை. இதை அம்மையாரே எழுதியிருக்கிறார்.

“நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், மாமா?” என்று அவள் நம் பக்கம் திரும்பினாள். நமக்குத் திட்டமான அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. ஆகவே, பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லுவதையே சொன்னோம்: “யோசித்துச் செய், அம்மா.” அவள் யோசித்தே செய்திருந்தாள், விண்ணப்பம் முன்னமே போயிருந்தது.

அடையாற்றிலே ஓலைக் கொட்டகைகள்

பட்டம் பெற்றவர்கள் பச்சைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெறுவது நமது நாட்டில் புதிய விஷயம் அல்ல. எண்பது வருஷங்களுக்கு முன்பே நமது சென்னையில் அது பெரிய அளவில் நடந்திருக்கிறது.

1907-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, ரோமாபுரியில் ஸான் லொரென்ஸோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் மாண்டிஸோரி அம்மையார் தமது முதல் ‘குழந்தைகள் இல்லம்’ ஆரம்பித்தார். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். அங்கே இருந்தவையும் கொட்டகை வாசல் குழந்தைகள்தாம். பெற்றோர் வேலைக்குப் போனபின் மாடிப்படிகளிலும் சுவர்களிலும் கிறுக்கித் திரிந்தவை. அக்குழந்தைகளைக் கவனித்துக் கவனித்தே தமது முறையை அவர் கண்டுபிடித்தார்.

அந்த அம்மையாரை அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, 1939 நவம்பரில், தமது 69-வது வயதில், அவர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அடையாற்றில் பிரம்மஞான சங்கத் தோட்டத்திலே ஓலைக் கொட்டகைகள் போட்டுப் பயிற்சி வகுப்பு நடந்தது. இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்தும் 300-க்கு மேற்பட்டவர்கள் வந்து தரையில் அமர்ந்து கேட்டார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். அவருடைய மகன் மாரியோ அதை ஆங்கிலத்தில் சொல்லுவார்.

சில மாதம் தங்கிப் போவதாக வந்தவர்; யுத்தம் அவரை நிறுத்திவிட்டது. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், பிரிட்டிஷ் சர்க்கார் மாரியோவைச் சிறைமுகாமுக்குக் கொண்டுபோயிற்று; அம்மையாருக்கும் நடமாட்டக் கட்டுப்பாடு விதித்தது. அவ்வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி அம்மையாரின் 70-வது பிறந்த நாள். அன்று மகனை விடுதலை செய்து, அதையே பிறந்தநாள் பரிசாகச் சர்க்கார் அளித்தது. அந்நியன் என்று அடைத்தவர்களுக்கும் இந்தக் கிழவியின் பெருமை தெரியத்தான் செய்தது.

பிறகு சில வருஷங்கள் அம்மையாரும் மகனும் கொடைக்கானலில் இருந்தார்கள். அகமதாபாத், கராச்சி, கொழும்பு முதலிய இடங்களிலும் பயிற்சிகள் நடந்தன. யுத்தம் முடிந்து 1946-ல் ஐரோப்பாவுக்குப் போனவர், 1947-ல் மீண்டும் வந்தார். அவரது புகழ்பெற்ற நூல்களில் ஒன்றான ‘உறிஞ்சும் மனம்’ 1949-ல் முதன்முதலாக வெளிவந்தது சென்னையிலேதான். மொத்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய உபாத்தியாயர்கள் அவரிடம் நேரில் பயின்றார்கள். அந்தப் பரம்பரையில் வந்த பயிற்சியிலேதான் நம் தமக்கை மகள் சேர்ந்தாள்.

ஒரு வருஷத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைத்தான் நம் தாயார் வாரந்தோறும் தொலைபேசியில் கேட்டார். முதல் இரண்டு மாதம் வரையில் கிடைத்த பதில் வியப்பாக இருந்தது: “பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறேன், பாட்டி.”

உண்மை அதுவே. பயிற்சி பெறுகிறவர்கள் குழந்தைகளின் அறையில் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். குழந்தையோடு பேசக்கூடாது, சிரித்துக் கூப்பிடக்கூடாது, விழுந்ததை எடுத்துக் கொடுக்கக்கூடாது. பார்த்ததை மட்டும் எழுதவேண்டும். ‘குழந்தை சலிப்படைந்தது’ என்று எழுதினால் திருத்திவிடுவார்கள். ‘குழந்தை மூன்று முறை ஜன்னலைப் பார்த்தது, கையிலிருந்ததைக் கீழே வைத்தது’ என்று எழுதவேண்டும். கண்டது வேறு, கருதியது வேறு என்று பிரிப்பதற்கே சில வாரங்கள் ஆகிவிடுகின்றன.

பிறகு கருவிகள். ஒவ்வொரு கருவியையும் எப்படி எடுப்பது, எந்தக் கையால் பிடிப்பது, எவ்வளவு மெதுவாகச் செய்து காட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் படம் வரைந்து கைப்பட எழுதித் தடித்த ஏடுகளாகத் தொகுக்கிறார்கள். ஒருவருக்கொருவர் குழந்தையாக உட்கார்ந்து பழகுகிறார்கள். பிறகு குழந்தைகளோடு பயிற்சி. கடைசியில் எழுத்துப் பரீக்ஷையும் வாய்மொழிப் பரீக்ஷையும்.

விடுமுறைக்கு வந்தபோது அந்த ஏடுகளில் ஒன்றை நமக்குக் காட்டினாள். முதற்பக்கங்களிலே ஒரு மரக்கட்டையின் படம். அதில் பத்துக் குழிகள். ஒவ்வொன்றுக்கும் அளவான உருளை. உச்சியில் சிறு குமிழ். குழந்தை உருளைகளை வெளியே எடுத்துக் கலைத்து, மறுபடியும் அதனதன் குழியில் பொருத்தவேண்டும். தவறாக வைத்தால் கடைசியில் ஓர் உருளை இடமில்லாமல் நிற்கும். ஆகவே யாரும், “தப்பு” என்று சொல்லவேண்டியதில்லை; கட்டையே சொல்லிவிடும்.

“குமிழ் எதற்குத் தெரியுமா, மாமா?” என்றாள். “மூன்று விரலால் பிடித்துத் தூக்குவதற்கு. பென்சிலைப் பிடிப்பதும் அதே மூன்று விரல்தான். எழுதுவதற்கு இரண்டு வருஷம் முன்பே விரல் தயாராகிறது.”

நாம் ஏட்டை மூடிவிட்டோம். கொட்டகை வாசலில் பீங்கான் கட்டைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த அந்தப் பையன் எதிரே வந்து நின்றான். அவன் விளையாடவில்லை. தன் விரல்களுக்குத் தேவையான பாடத்தைத் தானே தேடிக்கொண்டு, தானே நடத்திக்கொண்டிருந்தான். நாம் தட்டியது அந்த விரல்களின் மேல்தான். பட்டம் நம்மிடம் இருந்தது, பார்க்கத் தெரியவில்லை.

குழந்தை பச்சை மண் என்னும் வாக்கியம் எங்கே பிழைபடுகிறது என்பதும் அன்றே விளங்கிற்று. மண் தானாக அச்சைத் தேடி நடந்து வருவதில்லை. குழந்தை வருகிறது. வார்க்கிறவர் நாம் அல்ல. அது தன்னைத் தானே வார்த்துக்கொள்கிறது. அறையைச் சித்தம் செய்து வைத்து, வேண்டியபோது ஒன்றைக் காட்டிவிட்டு, கையை இழுத்துக்கொள்வதே நமது வேலை. கையை நீட்டுவதற்குப் பயிற்சி தேவையில்லை. இழுத்துக்கொள்வதற்குத்தான் ஒரு வருஷம் தேவைப்படுகிறது.

எம்.எஸ்ஸி. கணக்கு வீணாயிற்றோ என்று கவலைப்படும் நேயர்களுக்கு இன்னொரு செய்தி. அந்த அறையில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. திறந்தால் சிவப்பும் நீலமும் கறுப்புமாக எட்டுத் துண்டுகள். சேர்த்தால் ஒரு கனசதுரம். நாலு வயதுக் குழந்தை அதைப் புதிர் விளையாட்டாகப் பிரித்துச் சேர்க்கிறது. பெரிய கனம் ஒன்று, சிறிய கனம் ஒன்று, தட்டையான துண்டுகள் மூன்று, நீண்ட துண்டுகள் மூன்று. கணக்கு வாத்தியார்கள் இதற்குள் புரிந்துகொண்டிருப்பார்கள்: இரண்டு எண்களைக் கூட்டி மும்மடியாக்கும் சூத்திரம் இது! இந்தச் சூத்திரத்தை நாம் இருபது வருஷமாகப் பையன்களுக்கு மனப்பாடம் செய்வித்து வருகிறோம். அந்த ‘மூன்று’ எங்கிருந்து வந்தது என்று கேட்ட பையனுக்கு, “பெருக்கிப் பார்” என்று சொல்லியிருக்கிறோமேயன்றி, எட்டுத் துண்டுகளை அவன் கையில் கொடுத்ததில்லை. கணிதத்தில் ஆழம் கண்டவளுக்கே நாலு வயதுக் குழந்தையின் கையில் கணிதம் எங்கே துளிர்க்கிறது என்று தெரியும்.

மீசை வைத்த அம்மா

இதெல்லாம் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 1931 அக்டோபரில் லண்டனில் மாண்டிஸோரிப் பயிற்சிக் கலாசாலையில் பேசிய காந்தியடிகளும், இந்த முறை செல்வர்களின் குழந்தைகளோடு நின்றுவிடாமல் ஏழைக் குழந்தைகளையும் எட்டவேண்டும் என்ற தமது ஆவலையே வெளியிட்டார்.

அந்த ஆவலைக் கையிலெடுத்துக்கொண்டு உழைத்தவர்கள் நம் நாட்டிலேயே இருந்தார்கள். குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்பவர் வக்கீல் தொழில் செய்துவந்தவர். தம் மகனை எப்படி வளர்ப்பது என்ற யோசனையில் மாண்டிஸோரி முறையைப் படித்து, வக்கீல் தொழிலை விட்டு, 1920-ல் பாவநகரில் பாலமந்திரம் தொடங்கினார். அடர்ந்த மீசையுள்ள அவரை அவ்வூரார், ‘மீசை வைத்த அம்மா’ என்று அழைத்தார்கள். அவருடன் உழைத்த பட்டதாரியான தாராபாய் மோடக் அம்மையார், 1945-ல் மகாராஷ்டிரக் கடற்கரைக் கிராமமான போர்டிக்குச் சென்றார். ஆதிவாசிக் குழந்தைகள் பள்ளிக்கு வராததைக் கண்டு, பள்ளியையே அவர்கள் குடிசை முற்றத்துக்குக் கொண்டுபோனார். விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதில் விதையும் கூழாங்கல்லும் ஓலையும் உதவின. முற்றத்துக்கு அங்கே ‘அங்கண்’ என்று பெயர். இன்று நம் ஊர்தோறும் வழங்கும் ‘அங்கன்வாடி’ என்ற சொல்லின் பிறப்பு அந்த முற்றத்திலேதான்.

1975 அக்டோபர் 2-ந் தேதி இந்திய சர்க்கார் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்று 54,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. சோறும் முட்டையும் சத்துமாவும் அங்கே கிடைக்கின்றன. பசித்த குழந்தைக்கு முதலில் வேண்டியது அதுவே. அதைக் குறைத்துப் பேசுகிறவன் பசியை அறியாதவன். ஆனால் அங்கே பணிபுரியும் அம்மையார், சமையலைக் கவனித்து, எடை பார்த்து, கர்ப்பிணிகளின் கணக்கெழுதி, வீடு வீடாகச் சென்று, மிச்ச நேரத்திலேதான் பாடம் சொல்லவேண்டியிருக்கிறது. 2019-ல் தமிழ்நாட்டு சர்க்கார் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியபோது, பெரிய பிள்ளைகளுக்குக் கற்பித்துவந்த ஆசிரியைகளை அங்கே மாற்றினார்கள். தங்களுக்கு இந்த வயதுக் குழந்தைகளுக்கான பயிற்சி இல்லை என்று அவர்களில் பலர் முறையிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நாமும் அப்படி ஒரு வகுப்பில் சில மாதங்கள் இருந்தவர் அல்லவா?

பெரிய படிப்பும் பொருத்தமான படிப்பும்

பெரிய படிப்பு இருந்தால் சின்னக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்ற எண்ணத்துக்கு 2023 ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டே விடை சொல்லிவிட்டது. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு ஆசிரியராவதற்கு பி.எட். தகுதி ஆகாது, அவ்வயதுக்கென்று அமைந்த பயிற்சியே வேண்டும் என்பது அத்தீர்ப்பு. ஒன்றாம் வகுப்புக்கே அப்படியென்றால், அதற்கும் கீழுள்ள குழந்தைகளைப் பற்றிச் சொல்லவேண்டுமா?

வழிகள் இல்லாமல் இல்லை. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இரண்டு வருஷ முன்பருவக் கல்விப் பட்டயம் இருக்கிறது. இந்திரா காந்தி திறந்தவெளிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழியில் ஒரு பட்டயம் வழங்குகிறது. பட்டம் பெற்றவர்களுக்கு, மாண்டிஸோரி அம்மையார் 1929-ல் நிறுவிய அனைத்துலகச் சங்கத்தின் பட்டயப் பயிற்சி சென்னையிலேயே கிடைக்கிறது. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் பெண்கள் கலாசாலையிலும், பரோடாப் பல்கலைக்கழகத்திலும் மனித வளர்ச்சியைப் பற்றி எம்.எஸ்ஸி. படிக்கலாம். தில்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தில் குழந்தைப் பருவக் கல்வியிலேயே எம்.ஏ. உண்டு.

இவ்வளவு படித்தவரை வைத்துக் குழந்தைகளுக்குக் கற்பித்தால் பயன் என்ன என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து இப்ஸிலான்டி ஊரில் 1962-ல் ஒரு சோதனை ஆரம்பித்தார்கள். ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளில் 58 பேருக்குப் பட்டமும் பயிற்சியும் பெற்ற ஆசிரியர்கள் தினம் இரண்டரை மணி நேரம் கற்பித்தார்கள். வாரம் ஒரு முறை வீட்டுக்கும் சென்று தாயாரோடு பேசினார்கள். மற்ற 65 பேருக்கு அந்த வசதி இல்லை. இரு சாராரையும் நாற்பது வயது வரையில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மூன்று வயதில் நல்ல ஆசிரியரைப் பெற்றவர்களே நாற்பது வயதில் அதிகமாக வேலையில் இருந்தார்கள், அதிகம் சம்பாதித்தார்கள், போலீஸில் அகப்பட்டது குறைவு.

ஆனால் நம் தமக்கை மகளுக்கு நேர்ந்ததையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பயிற்சி முடிந்ததும் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். பேசிய சம்பளம், அப்பள்ளியின் பஸ் டிரைவருக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. பஸ் டிரைவரின் சம்பளம் குறையவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவர் கையிலும் குழந்தைகளின் உயிர் இருக்கிறது. அவள் காரணம் கேட்டாள். “குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத்தானே, அம்மா!” என்றார் நிர்வாகி. இந்த ‘தானே’ என்ற சொல்லிலேதான் நமது நாட்டுக் குழந்தைக் கல்வியின் துரதிர்ஷ்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இங்கிலாந்திலும் பட்டதாரிகள் ஒரு வருஷம் பயின்று ‘ஆரம்ப வயது ஆசிரியர்’ ஆனால், பள்ளி ஆசிரியர்களின் அந்தஸ்தும் சம்பள விகிதமும் தானாகக் கிடைப்பதில்லை என்று அறிந்தபோது, இந்த ‘தானே’ கடல் கடந்தும் வழங்குவது தெரிந்தது.

அவள் அந்த வேலையை ஒப்புக்கொள்ளவில்லை. விருத்தாசலத்துக்கே வந்து, நம் வீட்டு முன் தாழ்வாரத்தில் பதினெட்டுக் குழந்தைகளோடு ஆரம்பித்தாள். அவர்களில் ஏழு பேர் கொட்டகையில் வேலை செய்யும் தாய்மாருடைய குழந்தைகள். அவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. மற்றவர் தரும் கட்டணத்தில் வாடகை இல்லாததால் காலம் ஓடுகிறது. எத்தனை நாள் ஓடும் என்று அவளும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

மாண்டிஸோரி அம்மையார் குழந்தைகளுக்கு உடையும் பாத்திரங்களையே கொடுக்கச் சொல்லியிருக்கிறார். உடையாத தகரத்தில் கவனம் பிறக்காது என்பது அவர் கருத்து. ஆகவே அவள் பீங்கான் பேட்டைக்குச் சென்று, கைக்கடக்கமான கூஜாக்களும் கிண்ணங்களும் வேண்டுமென்றாள். புள்ளி விழுந்த இரண்டாம் தரச் சரக்கை ஒரு தொழிலாளி அம்மாள் கூடையில் போட்டுக் கொடுத்தாள். முதல் வாரத்தில் ஒன்பது உடைந்தன. இரண்டாம் வாரத்தில் நான்கு. சென்ற மாதம் ஒன்றும் உடையவில்லை.

நம் தாயார் முதலில் எட்டிப் பார்க்கவே மறுத்தார். இப்பொழுது காலை ஒன்பது மணிக்கு நாற்காலியை நிலைப்படியருகே போட்டுக்கொண்டு உட்காருகிறார். ஒரு நாள் மூன்று வயதுப் பெண் ஒருத்தி கூஜாவிலிருந்து கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்ற, பாதி தரையில் சிந்திற்று. தாயார் எழுந்திருக்கப் போனார். “இருங்கள், பாட்டி” என்றாள் பேத்தி மெதுவாக. அந்தக் குழந்தை துணியைத் தேடி எடுத்து வந்து, தரையைத் துடைத்து, துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, மறுபடியும் கூஜாவை எடுத்தது. தாயார் அன்று மாலை வரையில் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

மாற்றுக் குறையாத பொன்

எங்கள் ஊருக்கு உரிய கதை ஒன்று நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். சுந்தரமூர்த்தி நாயனார் இங்கே பழமலைநாதரிடம் 12,000 பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர் சென்று, கமலாலயக் குளத்தில் எடுத்தார். ‘ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது’ என்று நாம் ஏளனமாகச் சொல்லும் பழமொழி அங்கிருந்து வந்தது. ஏளனம் செய்கிறவர்கள் கதையின் முடிவை மறந்துவிடுகிறார்கள்: அவருக்குப் பொன் கிடைத்தது! மாற்றுக் குறையாமல் இருக்கிறதா என்று பிள்ளையார் உரைத்துப் பார்த்ததாகவும் சொல்லுவார்கள்.

குழந்தைக் கல்வியும் இப்படிப்பட்டதே. மூன்று வயதில் இடுவது அங்கேயே கிடைப்பதில்லை. வேறோர் ஊரில், வேறொரு காலத்தில், முப்பது வருஷம் கழித்துக் கரையேறுகிறது. அதனாலேயே, இட்டவருக்குச் சம்பளம் கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் மாற்றுக் குறைந்த பொன்னை இட்டால், குளத்தில் கிடைப்பதும் மாற்றுக் குறைந்ததாகவே இருக்கும்.

அடுத்த ஜூனில் பலர் வீட்டுக் குழந்தைகள் முதன்முதலாகப் பள்ளிக்குப் போகும். பெற்றோர்கள் கட்டடத்தைப் பார்ப்பார்கள், பஸ்ஸைப் பார்ப்பார்கள், ஆங்கிலம் பேசுவார்களா என்று விசாரிப்பார்கள். இவற்றோடு இரண்டே கேள்விகளைச் சேர்த்துக் கேட்கும்படி வேண்டுகிறோம்: “எங்கள் குழந்தையோடு தரையில் உட்காரப் போகிற அம்மையார் இந்த வயதுக்கென்று என்ன பயின்றிருக்கிறார்? அவருக்கு என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள்?” நூறு வீட்டார் கேட்டால் நிர்வாகிகள் யோசிப்பார்கள். ஆயிரம் வீட்டார் கேட்டால் சர்க்காரும் யோசிக்கும்.

பீங்கான் கட்டைகளை வரிசையாக நிறுத்திய அந்தப் பையனுக்கு இன்று இருபத்தைந்து வயதுக்கு மேலாகியிருக்கும். எங்கே இருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.